வீடா, கடையா? முதலீட்டுக்குச் சொத்து வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

குடியிருக்கச் சொந்த வீடு அமைந்து, கையில் கொஞ்சம் சேமிப்பும் சேர்ந்தபின் பல குடும்பங்களில் எழும் கேள்வி இது: இன்னொரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவதா, மெயின் ரோட்டில் ஒரு கடையோ சிறிய ஆபீஸ் இடமோ வாங்கிப் போடுவதா? பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் வரும் மாத வாடகையை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். ஒரே விலைக்கு வாங்கினால் கடை வாடகை வீட்டு வாடகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும், ஆகவே கடைதான் என்று.

அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. இப்போது இருப்பவர் காலி செய்தால் அடுத்தவர் வர எத்தனை மாதம் ஆகும்? அதுவரை உங்கள் கைப்பணம் தாங்குமா? வீடா கடையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்கத்தான். சட்டமும் கட்டணங்களும் தமிழ்நாட்டுக்கு உரியவை. உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து.

படி 1: இந்தப் பணம் எப்போது திரும்ப வேண்டும்?

ஐந்தாறு வருடத்தில் மகள் கல்யாணத்துக்கோ மகனின் மேற்படிப்புக்கோ விற்க வேண்டியிருக்கும் என்றால், வீட்டின் பக்கம் சாயுங்கள். வீட்டுக்கு வாங்குபவர்கள் அதிகம். குடியேற வருபவர், முதலீட்டுக்கு வாங்குபவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒன்று வேண்டும் என்பவர் எனப் பலரும் வருவார்கள். அவர்களுக்கு வீட்டுக் கடனும் சுலபமாகக் கிடைக்கும். கடையை வாங்க வருபவர் வாடகையைப் பார்த்து விலை பேசுவார். ஆள் இருக்கும் கடைக்கு ஒரு விலை, ஷட்டர் இறங்கியிருக்கும் கடைக்கு வேறு விலை. கடை காலியாகக் கிடக்கும் நேரத்தில்தான் உங்களுக்கும் பண நெருக்கடி வந்திருக்கும். அந்த நேரத்தில் விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

ஓய்வுக்குப் பின் மாதாமாதம் ஒரு தொகை வந்துகொண்டிருந்தால் போதும், பத்துப் பதினைந்து வருடம் விற்கும் எண்ணமே இல்லை என்றால் கடை பொருந்தும். ஆனால் அந்த வாடகை ஒன்றே குடும்பத்தின் வருமானமாக இருக்கக் கூடாது. பென்ஷனோ, பிள்ளைகளின் சம்பளமோ, வங்கி வைப்போ பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 2: சொன்ன விலையை விடுங்கள், ஆகும் செலவை எழுதுங்கள்

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். புதிய ஃபிளாட்டைக் கட்டுநரிடமிருந்து முதல்முறை வாங்குபவருக்குச் சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். கடைக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டி முடிக்காத நிலையில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யும் சேரும். குடியிருப்புக்கு 5 சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதம், தனி வணிக வளாகத்தில் கடை என்றால் 12 சதவீதம். பணிநிறைவுச் சான்று பெற்ற கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், அதே 80 லட்சத்துக்கு ஒரு கடை. இரண்டுக்கும் பத்திரச் செலவு 7.2 லட்சம், தரகு 80 ஆயிரம். மொத்தம் 88 லட்சம்.

ஃபிளாட் வாடகை மாதம் 22,000 என்றால் வருடத்துக்கு 2,64,000. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று வைத்தால் வருடத்துக்கு 11,000 கழியும். பெயின்ட், பிளம்பிங் 15,000. சொத்துவரி, குடிநீர் வரி 8,000. மிச்சம் 2,30,000. போட்ட 88 லட்சத்துக்கு 2.6 சதவீதம்.

கடை வாடகை 48,000 என்றால் வருடத்துக்கு 5,76,000. ஐந்து வருடத்தில் ஆறு மாதம் காலி என்று வைத்தால் வருடத்துக்கு 57,600 போகும். சொத்துவரி 30,000. பழுது பார்க்க 10,000. காலி மாதங்களில் நீங்களே கட்டும் பராமரிப்பும் தரகும் சராசரியாக 8,400. மிச்சம் 4,70,000. அதாவது 5.3 சதவீதம்.

இதே கடை ஐந்து வருடத்தில் ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தால்? மிச்சம் 3,54,800, ஏறக்குறைய 4 சதவீதம். அப்போதும் ஃபிளாட்டைவிட அதிகம்தான். பிறகு என்ன பிரச்சினை என்று தோன்றும். சராசரியில் அது தெரியாது. வீட்டில் அந்த இழப்பு ஒரு மாதம், அரை மாதம் என்று சில்லறையாகப் போகும். கடையில் 18 மாதமும் தொடர்ந்து பூஜ்யமாக இருக்கும். கடன் வாங்கியவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

படி 3: கடனை உங்கள் பக்கமிருந்து பாருங்கள்

வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு உண்டு. கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். பத்திரச் செலவை வங்கி இந்த மதிப்பில் சேர்க்காது, அது உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கடைக்குக் கடன் கேட்டால் பொதுவாகப் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரைதான் பேசுவார்கள். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு.

மேலே சொன்ன 80 லட்சச் சொத்துகளையே எடுப்போம். ஃபிளாட்டுக்கு 64 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம்: மாதத் தவணை சுமார் 55,500. வாடகை போக மாதம் 33,500 கையிலிருந்து போட வேண்டும், முதல் மாதத்திலிருந்தே. கடைக்கு 40 லட்சம் கடன், 10 சதவீதம், 10 வருடம்: தவணை சுமார் 52,900. ஆள் இருக்கும்வரை உங்கள் பங்கு வெறும் 5,000. காலியானால் முழுத் தவணையும் உங்கள் தலையில். கூடவே, கடைக்குத் தொடக்கத்தில் 48 லட்சம் கைப்பணம் போயிருக்கும், ஃபிளாட்டுக்கு 24 லட்சம்தான்.

ஆகவே கடை வாங்க நினைப்பவர் ஒரு வருடத் தவணையை, இந்தக் கணக்கில் ஆறு லட்சத்துக்கு மேல், தனியாக வங்கியில் போட்டு வைத்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை இல்லாவிட்டால் கடை வேண்டாம் என்றே சொல்வேன், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.

படி 4: அடுத்த வாடகைதாரர் யார்?

வீட்டுக்கு இந்தக் கேள்வி எளிது. தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் அல்லது ரயில் வசதி இருந்தால் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். ஓ.எம்.ஆரில் இரண்டு படுக்கையறை வீடு, கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளை ஒட்டிய வீடு, பெரிய மருத்துவமனையோ கல்லூரியோ பக்கத்தில் இருக்கும் வீடு இவையெல்லாம் அதிக நாள் காலியாகக் கிடப்பதில்லை. ஒரே கம்பெனியை நம்பி ஊருக்கு வெளியே எழும்பிய குடியிருப்பில் மட்டும் கவனமாக இருங்கள்.

கடைக்கு அப்படியில்லை. தெருவின் ஒரு பக்கம் ஓடும் வியாபாரம் எதிர்ப்பக்கம் ஓடாது. சாலை நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினால் பாதி வாடிக்கையாளர் போய்விடுவார்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஆற்காடு சாலையில் வருடக்கணக்கில் தகரத் தடுப்பு நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடமில்லாத கடைக்கு முன்னால் யாரும் இறங்குவதில்லை. மெட்ரோ ஓடத் தொடங்கியதும் அதே சாலையின் மதிப்பு ஏறலாம், ஆனால் அதுவரை தாங்க வேண்டியவர் கடைக்காரரும் நீங்களும்.

இன்னொன்று கோயம்பேடு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பின், தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. வெளியூர்ப் பயணியை நம்பிக் கோயம்பேட்டில் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு முடிவால் வாடிக்கையே மாறிப்போனது. ஒரு கடையின் மதிப்பு சுவருக்கு வெளியே நடப்பதைப் பொறுத்தது. ஆகவே நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ, மாநகராட்சி அந்தச் சாலையில் என்ன திட்டம் வைத்திருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள்.

நேரில் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வார நாள் காலை, மாலை ஆறு மணிக்கு மேல், ஞாயிறு என்று வெவ்வேறு நேரத்தில் போங்கள். இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் நடந்து, ‘டு-லெட்’ பலகை தொங்கும் ஷட்டர்களை எண்ணுங்கள். பலகை வெயிலில் வெளுத்திருந்தால் அந்தக் கடை வெகுநாளாகக் காலி. பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேளுங்கள்: “அண்ணே, முன்னாடி இங்க என்ன கடை இருந்துச்சு? ஏன் காலி பண்ணாங்க?” விற்பவரும் தரகரும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

பிறகு கடைக்குள் போய்ப் பாருங்கள். ஷட்டருக்கு நேரே தூண் இருக்கிறதா? கழிவறை உண்டா, பொதுவானதா? மும்முனை மின் இணைப்பு இருக்கிறதா? கிளினிக், பேக்கரி, சலூன் நடத்த வருபவர்கள் முதலில் கேட்பது மின்சாரமும் தண்ணீரும்தான். தரைமட்டத்தையும் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பல பழைய கடைகளின் தரை இன்று சாலைக்குக் கீழே இருக்கிறது. தரைத்தளத்துக்குத்தான் வாடகை அதிகம், மழை வந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி யோசித்தபின், அந்தக் கடையில் தொழில் நடத்தக் கூடிய மூன்று வகை ஆட்களை உங்களால் சொல்ல முடிய வேண்டும். மருந்துக்கடை, துணிக்கடை, டியூஷன் சென்டர் என்று எது வந்தாலும் பொருந்தும் இடம் நல்ல இடம். ஒரு வங்கிக் கிளைக்கென்றே லாக்கர் அறையோடு கட்டிய இடம், அந்த வங்கி போனபின் யாருக்கும் உதவாது.

படி 5: வரைபடத்தைக் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள்

தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது இவற்றை வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மாதிரி வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் உண்மையான ஆபத்து அனுமதி வரைபடத்தில் இருக்கிறது.

சென்னையில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம். நேரில் போனால் அங்கே நான்கு கடைகள். பத்திரப் பதிவும் ஆகியிருக்கும், சொத்துவரியும் கட்டியிருப்பார்கள், மின் இணைப்பும் இருக்கும். இவற்றில் எதுவும் அந்தக் கடையைச் சட்டப்படியானதாக ஆக்காது. விதிமீறலைக் காரணம் காட்டி அதிகாரிகள் சீல் வைத்தால் நஷ்டம் கடைசியாக வாங்கியவருக்கு. 2011 அக்டோபர் இறுதியில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருப் பகுதியில் பெரிய வணிகக் கட்டடங்களுக்கே சீல் வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகுதான் 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் அவை திறந்தன. தீபாவளிக்குப் பின் பொங்கல் வரையான வியாபாரம் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வரைபட நகலை வாங்கி, அங்கே நின்று, ஒவ்வோர் அறையாகச் சரிபாருங்கள். நிலப் பயன்பாடு குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா என்று பாருங்கள். பணிநிறைவுச் சான்றையும் கேளுங்கள். புதிய திட்டமாக இருந்து, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ யூனிட்டுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும்.

நிலத்தில் உங்களுக்கு உரிய பிரிக்கப்படாத பாகம், அதாவது யு.டி.எஸ்., எவ்வளவு என்பதையும் மறக்க வேண்டாம். கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும், நிலத்தின் மதிப்புதான் ஏறும். இருபது வருடம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது உங்கள் கையில் இருப்பது அந்த யு.டி.எஸ். மட்டும். 600 சதுர அடிக் கடை என்பார்கள், பொது இடத்தையெல்லாம் கழித்துவிட்டு டேப் பிடித்தால் 400தான் வரும். அடுத்த வாடகைதாரர் அந்த 400-க்குத்தான் வாடகை பேசுவார்.

வீட்டை ஆபீஸுக்கு விட்டு இரண்டு நன்மையும் பெறலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வீட்டு மின் கட்டணத்தில் ஆபீஸ் நடத்தக் கூடாது, வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். சொத்துவரியும் மாறும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தோடு தகராறும் வரும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 6: வரி எங்கே வேறுபடுகிறது?

வாடகை வருமானத்தில் சொத்துவரி போக 30 சதவீதம் நிலையான கழிவு வீட்டுக்கும் உண்டு, கடைக்கும் உண்டு. வாடகைக்கு விட்ட சொத்தின் கடன் வட்டியையும் கழிக்கலாம். வாடகையைவிட வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் இருப்பவர் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தோடு நேர் செய்யலாம். புதிய முறையில் அது முடியாது. “வீட்டுக் கடன் எடுத்தால் வரி மிச்சம்” என்ற பழைய அறிவுரை இன்று பலருக்குப் பொருந்தாது.

பெரிய வேறுபாடு ஜி.எஸ்.டி.யில். குடும்பம் குடியிருக்க விடும் வீட்டு வாடகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கடை வாடகைக்கு 18 சதவீதம். உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், வழக்கமான முறையில் (காம்போசிஷன் திட்டத்தில் அல்ல) பதிவு பெற்ற வாடகைதாரர் அந்த வரியைத் தானே கட்ட வேண்டும். அதைத் திரும்ப எடுக்கும் வழி அவருக்கு இல்லை என்றால் வாடகையைக் குறைத்துக் கேட்பார். பேச்சைத் தொடங்கும்போதே இதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

விற்கும்போது இருக்கும் வேறுபாடு பலருக்குத் தெரியாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கைப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால், லாபத் தொகையை மட்டும் அதில் போட்டாலே விலக்கு கிடைக்கும். கடையை விற்றால், விற்ற மொத்தத் தொகையையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. அதுவும் அந்த நேரத்தில் உங்களிடம் ஒன்றுக்கு மேல் வேறு வீடு இருக்கக் கூடாது. கடையை விற்று இன்னொரு கடை வாங்கினால் இந்த விலக்கு எதுவும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் வீடு, கடை இரண்டையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை மட்டும் வாங்க முடியாது. அவர்களுக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதைக் கேட்டே சிறு கடைக்காரர்கள் ஒதுங்குவதுண்டு.

படி 7: முழுக் கடை வாங்கப் பணம் போதவில்லை என்றால்

ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், முதல் மாடியில், மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு கடையை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். பலரிடம் திரட்டிய பணத்தில் கட்டடங்களை வைத்து வாடகையைப் பகிர்ந்து கொடுக்கும் அறக்கட்டளைக்கு ரீட் (REIT) என்று பெயர். பங்குச் சந்தையில் பட்டியலான ரீட் யூனிட்டுகள் வழியாகப் பெரிய அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் சில நூறு ரூபாயிலிருந்தே பங்கு பெறலாம். இந்தியாவில் முதலில் பட்டியலானது 2019-ல் எம்பஸி. விலை ஏறும் இறங்கும், ஆனால் வேண்டும்போது விற்கலாம், ஆள் தேடி அலைய வேண்டாம்.

படி 8: வாடகை ஒப்பந்தம்

2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் வீட்டுக்கும் கடைக்கும் பொது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தமும் வருடத்துக்கு 5 சதவீத உயர்வும் வழக்கம். கடைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வோடு நீண்டகால ஒப்பந்தம் போடுவார்கள். அதில் உங்களைக் காப்பாற்றுவது லாக்-இன் காலம்: இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்தால் மீதி வாடகையைக் கொடுக்க வேண்டும் என்ற விதி. ஒன்பது வருட ஒப்பந்தம் என்று பெருமையாகச் சொல்வார்கள், உள்ளே படித்தால் வாடகைதாரர் மூன்று மாத நோட்டீஸில் போகலாம் என்றிருக்கும். அப்படியென்றால் அது மூன்று மாத ஒப்பந்தம்தான். குறைந்தது இரண்டு வருட லாக்-இன், ஆறு மாத நோட்டீஸ் கேளுங்கள்.

ஆள் இருக்கும் கடையை வாங்குவதாக இருந்தால், இந்த ஒப்பந்தத்தையும் கடைசி ஒரு வருட வாடகை வந்த வங்கிக் கணக்குப் பதிவையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அதிக விலைக்கு விற்பதற்காகத் தெரிந்தவரை வைத்துப் பெரிய வாடகையில் ஒப்பந்தம் எழுதிக் காட்டுவதும் நடக்கிறது. பத்திரம் பதிந்த அன்றே, இனி வாடகை உங்களுக்குத்தான் வர வேண்டும் என்று பழைய உரிமையாளரும் வாடகைதாரரும் கையெழுத்திட்ட கடிதத்தையும், வாடகைதாரரிடம் பழைய உரிமையாளர் வாங்கி வைத்திருந்த அட்வான்ஸ் தொகையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.